அலுவலகக் கணினிகளைத் தொலைவிலிருந்து துடைக்கும் வழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சான்றிதழ் வாங்கவோ கட்டணம் செலுத்தவோ அலுவலகம் செல்லும் பொதுமக்களிடம் “சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்” என்று சொல்லப்படுவது புதுவையில் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. அதற்குத் தீர்வாக அலுவலகங்கள், கல்லூரிகள், கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பல இடங்களில் கையாளப்படும் ஒரு வழக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் வழியே சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கணினிப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவரின் ஊழியர் ஒரே இடத்தில் அமர்ந்துகொண்டு, வலையமைப்பில் இணைந்துள்ள அத்தனை விண்டோஸ் கணினிகளிலும் வேண்டாத கோப்புகளை அழிக்கும் ‘துடைப்பான்’ மென்பொருளை ஒரே ஆணையில் ஓடவிடுகிறார். பெரும்பாலும் இது அலுவலக நேரம் முடிந்த பிறகு நடக்கிறது. மறுநாள் காலை தம் இருக்கைக்கு வரும் எழுத்தருக்கு எது அழிந்தது, எவருடைய உத்தரவில் அழிந்தது என்பதைத் தெரிவிக்கும் ஒரு வரிக் குறிப்புகூடக் கிடைப்பதில்லை. நிர்வாகத்தின் பார்வைக்கு வருவது, மாதக் கடைசியில் பில்லோடு இணைத்துத் தரப்படும் “அனைத்துக் கணினிகளும் சுத்தம் செய்யப்பட்டன” என்னும் அறிக்கை மட்டுமே.

தொலைவிலிருந்து பராமரிப்பதையே குறை சொல்வது என் நோக்கமன்று. அதற்குப் புதுவையைப் போலத் தேவையுள்ள நிலப்பரப்பு நாட்டில் வேறு இருக்குமா என்பதே ஐயம். காரைக்கால் காவிரிக் கழிமுகத்தில் இருக்கிறது. மாகே கேரளக் கரையில் இருக்கிறது. ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரியை ஒட்டி இருக்கிறது. புதுச்சேரி வட்டாரமே ஒன்றோடொன்று ஒட்டாத பல துண்டுகளாகத் தமிழ்நாட்டு மண்ணுக்குள் சிதறிக் கிடக்கிறது. ஏனாமில் உள்ள ஒரு கணினியின் வட்டு நிரம்பிவிட்டது என்பதற்காக இங்கிருந்து ஒருவரை ரயில் ஏற்றி அனுப்ப முடியாது. ஆகவே, செய்யலாமா என்பது கேள்வியன்று. எப்படிச் செய்கிறார்கள், யாருக்குச் சொல்லிச் செய்கிறார்கள் என்பதே கேள்வி.

இந்த வேலைக்கு ஒப்பந்தக்காரர்கள் விரும்பி எடுப்பது பிஎஸ்எக்ஸெக் என்னும் சிறு கருவி. மார்க் ருசினோவிச் எழுதியது. 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. காசு கொடுக்கத் தேவையில்லை. எதிர்முனைக் கணினியில் நிர்வாகிகளுக்கென உள்ள பகிர்வுக் கோப்புறைக்குள் ஒரு சிறு சேவையை, அதாவது பின்னணியில் ஓடும் நிரலை, வைத்து, அதன் மூலம் நாம் கொடுத்த ஆணையை அங்கே ஓட்டி, முடிந்ததும் அந்தச் சேவையை அகற்றிவிடும். கருவியில் குறையில்லை. ஆனால் அதைக் கொண்டு துடைப்பான் மென்பொருளை ஓட்டும்போது அது எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விண்டோஸில் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை. ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் தனி டெம்ப், தனி உலாவிச் சேமிப்பு, தனிச் சிறுபடச் சேமிப்பு என்று இருக்கின்றன. ரிமோட்டில் ஆணையிடுபவர் அட்மின் கணக்கிலோ, விண்டோஸின் உள்கணக்கான சிஸ்டம் கணக்கிலோ ஓட்டினால், சாதாரணத் துடைப்பான் மென்பொருள் அந்தக் கணக்குக்குரிய இடங்களைத்தான் தேடிச் செல்லும். அந்தக் கணக்கில் யாரும் அமர்ந்து கடிதம் தட்டியதில்லை, இணையம் பார்த்ததில்லை. எழுத்தரின் கணக்கில் பல ஜிபி அளவுக்குச் சேர்ந்திருப்பது அப்படியே இருக்க, அறிக்கையில் மட்டும் ‘வெற்றி’ என்று பதிவாகும். குடியிருக்கும் வீட்டை விட்டுவிட்டுப் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பெருக்கிவிட்டு வந்து கூலி கேட்பதற்கு ஒப்பான காரியம் இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விஸ்டா என்னும் பதிப்பு வெளியான காலம் முதல் விண்டோஸ், சேவைகளைப் பயனரின் திரையிலிருந்து பிரித்து, யாருக்கும் புலப்படாத ஓர் அமர்வில் ஓட்டுகிறது. அந்த அமர்வில் ஓடும் துடைப்பான் “உலாவி திறந்திருக்கிறது, மூடட்டுமா?” என்று ஒரு பெட்டியைக் காட்டிக் காத்திருந்தால், அந்தப் பெட்டியைப் பார்க்கவோ ஓகே பொத்தானை அழுத்தவோ யாரும் இருக்கமாட்டார்கள். நிரல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். அடுத்த வாரம் மீண்டும் ஆணையிட்டால் இன்னொன்றும் போய் நிற்கும். கணினியை வேகமாக்க வந்த மென்பொருளே அதன் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருப்பதை டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்த பிறகுதான் கண்டுபிடிக்க முடிகிறது.

மென்பொருள் தவறான இடத்தைத் துடைத்தால் நேரம்தான் வீண். சரியான இடத்தையே, ஆனால் ஊழியருக்குச் சொல்லாமல், துடைத்தால் வரும் இழப்பு வேறு. மின்னஞ்சலில் வந்த இணைப்பை அவுட்லுக்கிலேயே திறந்து, திருத்தி, ‘சேவ்’ கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் நம் அலுவலகங்களில் சர்வ சாதாரணம். அப்படிச் சேமித்த கோப்பு டாக்குமென்ட்ஸில் இருப்பதில்லை; அவுட்லுக்கின் தற்காலிகக் கோப்புறையில்தான் போய் அமர்கிறது. ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அதற்குள்ளிருந்தே திறந்து திருத்துபவர்களின் கதையும் இதுவே. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் ஒரு பயனாளிகள் பட்டியலின் திருத்திய பிரதி ஒரே இரவில் காணாமல் போயிற்று. திருத்தாத பழைய பிரதி மட்டும் மின்னஞ்சலில் மிஞ்சியது. பட்டியலைத் தயாரித்த பெண் ஊழியர்தான் விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. மென்பொருளை ஓட்டியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கோப்பைச் சரியான இடத்தில் சேமிக்காதது ஊழியரின் பிழை என்று எளிதில் சொல்லிவிடலாம். அவருக்கு அதை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் நியாயம்.

டவுன்லோட்ஸ் கோப்புறையின் நிலை இதைவிட மோசம். விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர்ப் பதிப்பில், அதனுடன் வரும் டிஸ்க் கிளீனப் கருவியின் பட்டியலிலேயே டவுன்லோட்ஸும் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, சேஜ்செட் என்னும் ஆணையால் அதை நிரந்தரமாக்கி, சேஜ்ரன் ஆணையால் எல்லாக் கணினிகளிலும் ஓட்டும் வழக்கம் உள்ள இடங்களில் அந்த ஒரு வரி என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பல கவுன்டர்களில் டவுன்லோட்ஸ்தான் நடைமுறையில் கோப்பு அலமாரி. விண்ணப்பதாரர் கொண்டுவந்த ஆவணத்தின் ஸ்கேன் பிரதி, மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, வங்கியின் செலுத்துச் சீட்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். தவறிப்போய் அழித்ததை மீட்கும் கடைசி இடமான ரீசைக்கிள் பின்னும் அதே இரவில் காலியாகிவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கணினி வேகமாகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. சி டிரைவில் சில நூறு எம்பி இடமே மிச்சம் என்னும் நிலையில் உள்ள கணினிக்கு இடம் ஒழித்துத் தருவது உண்மையிலேயே உதவும். அப்டேட் ஏறாமல் நிற்பது சரியாகும். போதிய இடம் உள்ள கணினியில் தற்காலிகக் கோப்புகளை அழிப்பதால் வேகம் கூடுவதில்லை. உலாவிச் சேமிப்பை அழித்தால் எதிர்மாறாகவே நடக்கும்: மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் அதே இணையதளங்களின் படங்களையும் நிரல்களையும் மீண்டும் இறக்கத் தொடங்க, ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம் முழுவதும் திணறும். ப்ரீஃபெட்ச் கோப்புறையை அழிப்பதும் அப்படியே. நிரல்கள் விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகளை நாமே கிழித்துப் போடுகிறோம். சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்னும் உட்கோப்புறை பெரிதாக இருக்கிறதே என்று அதில் கைவைப்பவர்கள், பின்னாளில் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமல் தவிப்பார்கள். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் நிரல்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. கூடவே ‘ஸ்டார்ட்டப் நிரல்களைக் குறை’ என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டால், கணினி தொடங்கும்போதே எழ வேண்டிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் எழாது. காலையில் “தமிழ் அடிக்க வரவில்லை” என்று தொலைபேசி வரும்.

சுழலும் ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட பழைய கணினி மெதுவாகத்தான் ஓடும். அதற்கு வேகமான எஸ்எஸ்டி வட்டைப் பொருத்துவதும் நினைவகத்தைக் கூட்டுவதுமே வழி. அதற்குப் பணம் ஒதுக்கக் கேட்டால் கோப்பு மேசை மேசையாகச் சுற்றும். துடைப்பான் ஓட்டினேன் என்று பில் போட்டால் உடனே பாஸாகும் என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் உண்மை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், இந்தச் செலவை இன்னும் தள்ளிப்போடுவது அறிவுடைமை ஆகாது.

நான் மிகவும் கவலைப்படுவது, இந்த வேலைக்காகத் திறந்துவைக்கப்படும் கதவுகளைப் பற்றி. எல்லாக் கணினிகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் டொமைன் ஏற்பாடு இல்லாத சிறு அலுவலகங்களில், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றை அட்மின் உரிமையோடு இயக்குவதை விண்டோஸ் இயல்பாகவே தடுத்துவைத்திருக்கிறது. அந்தத் தடையை ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி நீக்கிவிட்டு, ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டு, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தக்காரரின் வேலை எளிதாகிவிடும். வேலை முடிந்த பிறகு இவற்றில் ஒன்றைக்கூடப் பழைய நிலைக்குத் திருப்பிவைப்பவர்கள் குறைவு. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரல், கணினியின் நினைவிலிருந்து திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு இதே பிஎஸ்எக்ஸெக் வழியாகவும் விண்டோஸின் நிர்வாக வசதியான டபிள்யூஎம்ஐ வழியாகவும் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் அதனால் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ நேர்ந்தது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் முடங்கியது. 2021 ஜூலையில் கசேயா என்னும் தொலைநிலைப் பராமரிப்பு மென்பொருளின் ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டவர்கள், பராமரிப்பு நிறுவனங்களின் வழியாக அவற்றின் வாடிக்கையாளர்களான 1,500 வரையிலான நிறுவனங்களுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டனர்.

துடைப்பான் மென்பொருளே நஞ்சாக வந்ததும் உண்டு. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் சிகிளீனரின் 5.33ஆம் பதிப்பு, 2017 ஆகஸ்டில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான மின்கையொப்பத்துடன், தீநிரல் கலந்து வெளிவந்தது. செப்டம்பரில் அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் ஏறியிருந்தது. அவற்றில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைச் சேர்ந்த கணினிகளைத் தேர்ந்தெடுத்து இரண்டாம் கட்டத் தாக்குதல் நடந்தது. நிறுவனம் பின்னர் அதைச் சரிசெய்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அட்மின் உரிமையோடு எல்லாக் கணினிகளிலும் ஓடும் ஒரு மென்பொருள் எங்கிருந்து வருகிறது, யார் சோதித்தார்கள் என்று கேட்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று உரிமத்தில் எழுதப்பட்ட இலவசப் பதிப்பை அலுவலகக் கணினிகளில் ஓட்டிவிட்டு அதற்குக் கட்டணமும் வாங்குவது பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை.

சட்டத்தின் கோணமும் கவனிக்கத்தக்கது. 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை, அதாவது லாக்குகளை, 180 நாட்களுக்குப் பாதுகாத்துவைக்க வேண்டும். துடைப்பான் மென்பொருள்கள் சிலவற்றில் விண்டோஸ் ஈவென்ட் லாக்கை அழிக்கவும் ஒரு டிக் இருக்கிறது. அதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்தவர், யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்பதற்கான சான்றை அழித்துவிடுகிறார். பாதுகாப்பு லாக் அழிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் 1102 என்ற எண்ணுள்ள பதிவு மட்டும் அங்கே மிஞ்சும். நாளை ஒரு மோசடி நடந்து சைபர் குற்றப் பிரிவினர் வந்தால் அவர்களிடம் காட்ட வேறு எதுவும் இருக்காது. மேலும், 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசுக்கு மட்டுமன்றி யூனியன் பிரதேச நிர்வாகங்களுக்கும் பொருந்தும். ஆகவே புதுவை அலுவலகங்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. கணினியால் உருவாக்கப்பட்டவையும் பொது ஆவணமே என்று அச்சட்டம் சொல்கிறது. உரிய முறையின்றி அவற்றை அழிப்பதை 8ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. உலாவிச் சேமிப்பில் கிடக்கும் ஒரு சின்னப் படத்தைப் பொது ஆவணம் என்று நான் வாதிட வரவில்லை. டவுன்லோட்ஸில் இருந்த ஸ்கேன் பிரதியையும் அவுட்லுக்கின் தற்காலிகக் கோப்புறையில் இருந்த பட்டியலையும் அப்படி ஒதுக்கிவிட முடியுமா என்று சட்டம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

இதற்கெல்லாம் மாற்று விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டோரேஜ் சென்ஸ் என்னும் வசதி விண்டோஸ் 10இல் 2017 முதல் உண்டு. அது பயனரின் சொந்தக் கணக்கிலேயே ஓடுவதால் தவறான இடத்தைத் துடைக்கும் பேச்சே எழுவதில்லை. ரீசைக்கிள் பின்னில் 30 நாட்களுக்கு மேல் கிடப்பதை மட்டும் நீக்கவும், டவுன்லோட்ஸைத் தொடாமல் விடவும் அதில் அமைத்துக்கொள்ளலாம். டொமைன் உள்ள இடங்களில் இந்த அமைப்பை குரூப் பாலிசி வழியாக ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் வகுத்துவிட முடியும். இரவில் யாரும் உள்ளே நுழைய வேண்டியதில்லை. பழைய அப்டேட்டுகளின் மிச்சத்தை நீக்க விண்டோஸே ஓர் அட்டவணைப் பணியை வைத்திருக்கிறது. டொமைன் கணினிகளின் அட்மின் கடவுச்சொல்லைக் கணினிக்குக் கணினி வேறாக்கி அவ்வப்போது மாற்றித் தரும் லேப்ஸ் வசதி 2023 ஏப்ரல் முதல் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. டொமைன் இல்லாத இடங்களில் கடவுச்சொற்களைக் கையாலேயே வேறுபடுத்தி, மூடிய உறையில் அலுவலகத் தலைவரிடம் கொடுத்துவைப்பதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை.

வெளி மென்பொருளைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், முதலில் ஒரே ஒரு கணினியில், அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் முறையில் ஓட்டி, அந்தப் பட்டியலை அங்கே வேலை செய்பவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கட்டும். முன்னறிவிப்பு ஊழியரின் மொழியில் இருக்கட்டும். மாகேயில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் அச்சிட்டு ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு காகிதத்தின் செலவுதான். லாக்குகளுக்கும் டவுன்லோட்ஸுக்கும் ரீசைக்கிள் பின்னுக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருப்பதை எழுத்தில் பெறாமல் எந்த அதிகாரியும் அனுமதி தரலாகாது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகின்றன என்பதால், இவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்க வாய்ப்பு இருக்கிறது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, எந்தக் கணினியில், எந்தக் கணக்கில், எந்தக் கோப்புறையில், எவ்வளவு இடம் ஒழிந்தது என்ற விவரத்தோடுதான் பில் வர வேண்டும் என்று எழுதினாலே பாதிக் கணினிகளில் எதுவும் ஒழியவில்லை என்பது தெரிந்துவிடும். அதுவரை காத்திருக்காமல், ஒவ்வொரு கணினியிலும், குறித்த நேரத்தில் பணிகளைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, ஒப்பந்தக்காரர் அமைத்துவைத்திருக்கும் பணிகள் எவை, யார் பெயரில், எந்த நேரத்தில் ஓடுகின்றன என்று எழுதி வாங்கிக்கொள்ள அலுவலகத் தலைவர்களும் கல்லூரி முதல்வர்களும் இந்த வாரமே சொல்லலாம்; அதற்கு டெண்டரும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர் ஒருவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.